21 மரக்கால் ஒரு கோட்டை

கிராமத்து அருங்காட்சியகத்தில் நெல் அளக்கும் மரக்காலும், நெல் கொட்டிவைக்கும் மண் குதிரான குலுக்கையும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை. வயலைக்கூட, விதைக்கத் தேவையான நெல்லை வைத்து ‘இரண்டு கோட்டை விதைப்பாடு’ என்றுதான் சொல்வார்கள். அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. விதைநெல்லை வைக்கோல் பிரியால் இறுகச் சுற்றி, சாணி மெழுகி உருண்டையாகக் கட்டுவார்களே, அதுவும் கோட்டைதான்.

ஆச்சி வீட்டுக் குலுக்கையின் அடியில் ஒரு ஓட்டை, அதில் பழந்துணி அடைத்திருக்கும். அதைப் பிடுங்கினால் நெல் சரசரவென்று கொட்டும். பிடுங்கி அடியும் வாங்கியிருக்கிறேன்!

நான் போன ஒரு காட்சிக்கூடத்தில் குலுக்கைக்கு ‘பெரிய மண்பானை’ என்று அட்டை வைத்திருந்தார்கள். பத்தமடைப் பாயை மடித்து ஆணியில் மாட்டியிருந்தார்கள், மடிப்பில் கோரை முறிந்து கிடந்தது. சரி, யாரிடம் சொல்ல? வாசலில் இருந்த பையன் செல்போனில் இருந்தான்.