பீடியோடு முடிந்துவிட்ட கேள்வி

"பீடி பிடிப்பீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். "பதினெட்டு வயதிலிருந்து பிடிக்கிறேன் சார்" என்றார் பெரியப்பா, திருடி அகப்பட்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு. சீட்டில் அது ஏறியது. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினார்கள். நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

என்ன கூலி வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

எண்ணூர் முதல் மணலி வரை, ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆலைக்கெல்லாம் போய், கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் லேகிங், அதாவது சூடு வெளியேறாமல் காக்கும் உறை, சுற்றியவர் பெரியப்பா. 1978இல் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள். கல்நார்க் கயிறு, கல்நார்த் துணி. கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ். பழைய உறையைச் சுத்தியலால் தட்டிப் பெயர்க்கும்போதுதான் தூசி அதிகம் என்பார். மூக்கில் கட்டிக்கொள்ள அவருடைய துண்டுதான். திருவொற்றியூர் வீட்டு வாசலில் பெரியம்மா அந்தச் சட்டையை உதறுவதைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். வெயிலில் வெள்ளை இழைகள் மின்னிக்கொண்டே இறங்கும். எங்களுக்கு அது வேடிக்கை.

பீடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பீடியைக் காட்டித் தூசியை மறைக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே வேலை செய்த ஏறத்தாழ 17,800 பேரின் இறப்புகளை ஆராய்ந்து, ஹேமண்ட், செலிகாஃப் என்ற ஆய்வாளர்களின் குழு 1979இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு கல்நார் மட்டும் பட்டவருக்கு ஐந்து மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்குப் பதினோரு மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு ஐம்பது மடங்குக்கும் மேல். கூட்டல் இல்லை, பெருக்கல். அப்படியென்றால் பீடி பிடிக்கும் தொழிலாளியைத் தூசியிலிருந்து இன்னும் கவனமாகக் காத்திருக்க வேண்டாமா? பீடியை விட்டால் ஆபத்து குறையும் என்றாவது அந்த வேலையிடத்தில் சொல்லியிருக்க வேண்டாமா?

பெரியம்மா பீடியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் எனக்கு அவரை நினைத்துப் பயம். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்குப் புகை காரணமே இல்லை, கல்நார்தான். சட்டை உதறிய மனைவிமார்களுக்கும் அது வந்திருக்கிறது, முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்தும்.

சட்டம் இல்லாமல் இல்லை. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய், தொழிலாளிக்கு இழப்பீடு தரவேண்டிய நோய்களின் சட்டப் பட்டியலிலும் இருக்கிறது. பெரியப்பாவிடம் இருப்பதோ ஒரு பழைய கேட் பாஸ், பாதி எழுத்து அழிந்தது.

2016 வர்தா புயலில் எங்கள் தெருவில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை வெறுங்கையால் அள்ளி, துடைப்பத்தால் பெருக்கினோம். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுக்க வேண்டும் என்று அப்போது தெரியாது.

நேற்று இரவு பெரியப்பாவை உட்கார வைத்து, எந்த ஆண்டு, எந்த ஆலை, எந்தக் கொதிகலன், கூட இருந்தவர் யார் என்று கேட்டு எழுதினேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். நான்கு பக்கம் வந்தது. கூட வேலை செய்தவர்களில் பலர் இப்போது இல்லை. உங்கள் வீட்டிலும் லேகிங் வேலை, ஷீட் வேலை, கப்பல் உடைப்பு வேலை செய்தவர்கள் இருந்தால், அவர்கள் சொல்லும்போதே எழுதி வையுங்கள். வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகிறோம். அந்த நான்கு பக்கத்தையும் சீட்டோடு சேர்த்துத் தைக்கச் சொல்லப் போகிறேன்.