என் கதையில் பெய்த மழை

போன வருடம் உப்பளத்தை வைத்து ஒரு கதை எழுதினேன். தூத்துக்குடியில் இரண்டு நாள் தங்கி விசாரித்துவிட்டு வந்து எழுதியது. பாத்தியில் உப்புநீர், அடர்த்தியை அளக்கும் 'போமே' அளவில் கிட்டத்தட்ட 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு விளையத் தொடங்கும் என்பதுவரை நோட்டில் குறித்து வந்திருந்தேன். அதில் கொஞ்சம் பெருமை வேறு.

கதையின் கடைசியில் மழை வரும். நாள் முழுக்க வெயிலில் உப்பு வாரிய பெண் முகத்தை நிமிர்த்தி நனைவாள், சிரிப்பாள். நண்பர்கள் எல்லாரும் பாராட்டியது அந்த இடத்தைத்தான்.

ஒருநாள் அந்தப் பக்கத்து அக்கா ஒருவர் போன் செய்தார். அவருடைய அம்மா அளத்தில் வேலை பார்த்தவர்.

"கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா மழை பெஞ்சா நாங்க எதுக்குச் சிரிக்கணும்? பாத்தியில கெடக்கிற உப்பு கரைஞ்சிருமே. அப்புறம் தை, மாசி வரைக்கும் கூலி ஏது?"

மழைக்கால நிவாரணம் என்று அரசு 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியதே சில வருடங்களுக்கு முன்புதான். அதையும் அவர்தான் சொன்னார்.

எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களிடம் நேரில் போய்ப் பழகிய பிறகுதான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். நான் போனது இரண்டே நாள், அதுவும் சித்திரையில். அனுபவம் போதவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

ஆனால் அது பொய். நான் தஞ்சாவூர்ப் பக்கம், விவசாய வீட்டுப் பிள்ளை. ஒரு ஐப்பசியில் களத்தில் கொட்டி வைத்திருந்த குறுவை நெல் நனைந்து முளைவிட்டபோது, அப்பா துண்டை உதறிக்கொண்டு வானத்தைப் பார்த்துத் திட்டியதைப் பக்கத்தில் நின்று கேட்டவன். மழை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் எழுத உட்கார்ந்தபோது கைக்கு வந்தது அந்த மழை இல்லை, இத்தனை வருடம் கதைகளிலும் சினிமாவிலும் பார்த்த மழை. பட்டது ஒரு மூலையில் கிடக்க, படித்தது முந்திக்கொண்டு வந்துவிட்டது. அடுத்தவர் வாழ்க்கை எட்டவில்லை என்றால் கூடப் பரவாயில்லை. சொந்த அப்பாவின் குரலே எட்டவில்லையே, அதுதான் உறுத்துகிறது.

சிறுகதைத் தொகுப்புக்காகக் கதையின் அந்தக் கடைசிப் பகுதியை நீக்கிவிட்டேன். மழையில் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று இன்னும் எழுதவில்லை. வரும் ஐப்பசியில் ஒரு வாரம் வந்து இருக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"வேலையே இல்லாத நேரத்துல வந்து என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்றார்.