ஏலம் என்று எழுதாதீர்கள் தம்பி

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம் குழுவில் நண்பர் ஒருவர் போட்ட பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. வயதில் சின்னவர், எங்கள் வீட்டில் கை நனைத்தவர், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். அமெரிக்கக் கல்லூரி அணிகள் பள்ளிப் பெண்களைத் தங்கள் அணியில் சேர்ப்பதைப் பற்றித்தான் அந்தப் பதிவு. "பொண்ணுங்க காலேஜ் பாஸ்கெட்பாலும் ஏலக் கடை ஆகிவிட்டது, பதினேழு வயசுப் பிள்ளையை யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு விற்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஒருவர் "மாட்டுச் சந்தை" என்றே எழுதிவிட்டார். அதற்கும் லைக்.

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

தம்பி, ஏலம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாதா? ஐ.பி.எல். ஏலம் பார்க்கிறோமே, அது ஏலம். அங்கே அட்டையைத் தூக்குகிறவர்கள் முதலாளிகள். பெயர் வாசிக்கப்படும் ஆட்டக்காரர் எங்கேயோ உட்கார்ந்து டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருப்பார். சென்னைக்குப் போகிறாயா, பஞ்சாபுக்குப் போகிறாயா என்று அவரை ஒருவரும் கேட்பதில்லை. இங்கே நடப்பது நேர் தலைகீழ். நாட்டிலேயே பெரிய கோச்சுகள் விமானம் ஏறி அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார்கள். அவள் நான்கைந்து கல்லூரிகளுக்குப் போய் விடுதி, மைதானம், மருத்துவ அறை எல்லாம் பார்க்கிறாள். கடைசியில் போனை எடுத்து ஒருவரிடம் "வருகிறேன்" என்கிறாள், மற்றவர்களிடம் "மன்னித்துவிடுங்கள்" என்கிறாள். அந்த மன்னிப்பைச் சொல்லும்போது பல பிள்ளைகள் அழுதுவிடுகிறார்கள். முடிவு அவளுடையது. அவளை யாரும் வாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு கூடைப்பந்துப் பெண்ணுக்கு இந்த உரிமை பெரும்பாலும் இந்த வயதில்தான் கிடைக்கிறது. கல்லூரி முடித்து, பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குப் போனால் டிராஃப்ட்தான், அங்கே அணிகள்தான் வரிசையாக ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும். 2024-ல் முதல் வாய்ப்பு இண்டியானாவிடம் இருந்தது, கெய்ட்லின் கிளார்க் இண்டியானாவுக்குப் போனார். 2025-ல் டல்லஸிடம் இருந்தது, நம்ம ஊர் யூகானின் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) பெய்ஜ் பெக்கர்ஸ் டல்லஸுக்குப் போனார். எங்கே வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. முதல் ஒப்பந்தம் முடிய வருடங்கள் ஆகும். அதற்கு முன்னால், பதினேழு வயதில், "நான் எங்கே ஆட வேண்டும் என்று நானே சொல்கிறேன்" என்று அவள் சொல்வதைத்தான் நீங்கள் ஏலம் என்கிறீர்கள்.

பாட் சம்மிட் கதை தெரியுமா? டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கோச், எட்டு முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 1990-ல் நிறைமாதக் கர்ப்பிணியாகப் பென்சில்வேனியாவுக்குப் பறந்து போனார், மிஷல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியை அவள் வீட்டிலேயே பார்த்துப் பேச. அங்கே இருக்கும்போதே பிரசவ வலி எடுத்துவிட்டது. பேச வந்ததைப் பேசிவிட்டுத்தான் எழுந்தார். வழியில் வர்ஜீனியாவில் இறங்கலாம் என்றதற்கும் ஒப்புக்கொள்ளாமல் டென்னசிக்கே போய்ப் பிள்ளை பெற்றார். சரி, இவ்வளவுக்கும் அந்தப் பெண் என்ன செய்தார்? நோட்டர்டேம் பல்கலைக்கழகத்துக்குப் போனார்! தனக்கு அதுதான் சரி என்று அப்போது தோன்றியது. பிறகு அங்கே ஒத்துவராமல் டென்னசிக்கே மாறி வந்து, 1996-ல் பட்டம் வென்ற அணியில் ஆடி, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். இது, கல்லூரி ஆட்டக்காரர் தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற என்.ஐ.எல். விதி வருவதற்கு முப்பது வருடம் முன்னால் நடந்தது. அப்போதும் பெரிய கோச்சுகள் வீடு தேடி வந்தார்கள், அப்போதும் பெண்கள் தாங்களே முடிவெடுத்தார்கள், அப்போதும் மாறினார்கள். இன்றைக்கு மட்டும் ஏன் சந்தை?

கிளார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் பள்ளி முடித்த ஆட்டக்காரர்களின் தரவரிசையில் நான்காவது இடம். அவருக்கு மேலே பெக்கர்ஸ், ஏஞ்சல் ரீஸ், கேமரன் பிரிங்க். நோட்டர்டேமுக்கு வாய்வார்த்தையாகச் சரி என்றே சொல்லிவிட்டார். ஆனால் மனசு ஒப்பவில்லை. 2019 நவம்பரில் ஐயோவா என்று அறிவித்தார். வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். 1993-க்குப் பிறகு தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள்ளேயே போகாத அணி. பெரிய பெயரை விட்டுவிட்டுச் சொந்த மாநிலத்தில் இருக்கிறாளே என்று சொன்னவர்கள் உண்டு. 2023-லும் 2024-லும் அதே அணியை இறுதி ஆட்டம் வரை கூட்டிப் போனார். 2024 இறுதி ஆட்டத்தைச் சராசரியாக ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள், ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிட அதிகம். ஐயோவா என்று முடிவெடுத்த நாளில் கல்லூரி ஆட்டக்காரர் தன் பெயரை வைத்து ஒரு டாலர் சம்பாதிக்கவும் விதி இடம் தரவில்லை. அது மாறியது 2021 ஜூலையில். அப்படியானால் எந்த ஏலத்தில் போனார் கிளார்க்?

ஏஜா வில்சன். 2014-ல் நாட்டிலேயே முதலிடம். யூகான் கேட்டது, டென்னசி கேட்டது. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சவுத் கரோலைனாவுக்குப் போனார். அப்போது அந்த அணி ஒரு தேசியப் பட்டம்கூட வாங்கியதில்லை. 2017-ல் அவரோடுதான் முதல் பட்டம். 2021-ல் அவருக்கு அங்கே சிலை திறந்தார்கள். அன்றைக்கு அவர் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். கறுப்பினத்தவர் என்பதால் சின்ன வயதில் அந்த வளாகத்துக்குள் நடக்கக்கூட முடியாமல் பாட்டி சுற்றிப் போக வேண்டியிருந்ததாம். அந்த வளாகத்தின் நடுவில் பேத்தியின் சிலை. ஒரு பெண் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இப்படியும் கணக்குகள் இருக்கும் தம்பி. தொகை போட்டு எழுத முடியாத கணக்குகள்.

எலெனா டெல்லே டான் பற்றி நான் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அப்போது நான் இங்கே கனெக்டிகட்டில்தான் இருந்தேன். 2008-ல் கல்லூரிகள் தேடிய பள்ளி ஆட்டக்காரர்களில் (ரெக்ரூட்) நாட்டிலேயே முதலிடம். யூகானுக்கு வந்தார். யூகான் இருக்கும் ஸ்டோர்ஸில் இரண்டு நாள்தான் இருந்தார். அப்புறம் சொந்த மாநிலமான டெலவேருக்கே திரும்பிப் போய்விட்டார். என் ஆபீஸில் ஒரு வாரம் இதே பேச்சு. "இவ்வளவு பெரிய இடத்தை உதறிவிட்டுப் போகிறாளே, நன்றி இல்லாதவள்" என்று என் பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அதை இன்றைக்கும் நினைத்தால் மனசு உறுத்துகிறது. அவருடைய அக்காவுக்குக் கண் தெரியாது, காது கேட்காது. தங்கை வந்திருக்கிறாள் என்பதை அக்கா தெரிந்துகொள்வது தொட்டும் முகர்ந்தும்தான். போனில் பேச முடியாது, வீடியோவில் பார்க்க முடியாது. பக்கத்தில் இருந்தால் மட்டும்தான் அக்காவுக்குத் தங்கை உண்டு. இதை எந்த கோச் எந்த ஸ்காலர்ஷிப்பால் ஈடுகட்டுவார்? ஒரு வருடம் வாலிபால் ஆடினார், பிறகு டெலவேர் பல்கலைக்கழகத்துக்காகக் கூடைப்பந்துக்கே திரும்பினார், 2013-ல் அந்தச் சின்ன அணியைத் தேசியப் போட்டியின் கடைசி பதினாறு அணிகள் வரை கொண்டு போனார். டபிள்யூ.என்.பி.ஏ.வில் இரண்டு முறை எம்.வி.பி., அதாவது அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். இதெல்லாம் நடக்காமல் போயிருந்தாலும் அவர் முடிவு சரிதான்.

இப்போது பணம். "அக்கா பழைய கதை பேசுகிறார், இப்போது எல்லாம் பணம்தான்" என்று சொல்வீர்கள், தெரியும். பணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே தங்கள் வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், முதல் வருடத்தில் ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. அதில் பெரும்பகுதி ஆண்களுக்குத்தான் போகிறது, அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும். அதை நீங்கள் ஏலம் என்று எழுதி நான் பார்க்கவில்லை. பெண்ணுக்கு நாலு காசு வந்தவுடன்தான் சந்தை ஞாபகம் வருகிறது. 2021-ல் சான் அன்டோனியோவில் பெண்கள் தேசியக் கல்லூரிப் போட்டிக்கு உடற்பயிற்சிக் கூடம் என்று ஒற்றை அடுக்கு டம்பெல்லை வைத்தார்களே, ஆண்களுக்கு ஒரு மண்டபம் நிறையக் கருவிகள், அந்த வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. அதைப் பற்றி நம் குழுவில் ஒருத்தர் எழுதவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

2025-ல் டிராஃப்டின் முதல் பெண்ணுக்கே முதல் வருடச் சம்பளம் 78,831 டாலர். நம் வீடுகளில் ஐ.டி.யில் இருக்கும் பலர் அதைவிட அதிகம் வாங்குகிறோம். உடம்பு நன்றாக இருக்கும் நான்கு வருடத்தில் அவள் சம்பாதித்தால் என்ன தப்பு? ஜூஜூ வாட்கின்ஸ், 2023-ன் முதல் ரெக்ரூட். சவுத் கரோலைனா, ஸ்டான்ஃபோர்டு இரண்டையும் விட்டுவிட்டு, பிறந்து வளர்ந்த லாஸ் ஏஞ்சலஸிலேயே யூ.எஸ்.சி.யைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய ஆட்டத்துக்கு எங்கே போனாலும் விளம்பரக் கம்பெனிகள் பின்னாலேயே வந்திருக்கும், ஆகவே பணத்துக்காக அங்கே போனார் என்பது பேச்சுக்குக்கூட நிற்காது. 2025 மார்ச்சில் ஒரு வேகமான ஓட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த பருவம் முழுக்க மைதானத்துக்கு வெளியே. ஒரு நொடிதான்.

அந்த ஒரு நொடி எனக்குத் தெரியும்.

நான் திண்டுக்கல் பக்கம். பள்ளியில் மாவட்ட அணி வரை ஆடினேன். பிளஸ் டூ முடித்ததும் இரண்டு கல்லூரிகளிலிருந்து ஆள் வந்தார்கள், விளையாட்டுக் கோட்டாவில் எடுத்துக்கொள்கிறோம் என்று. அப்பாவும் பெரியப்பாவும் திண்ணையில் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். நான் காபி கொண்டு வந்து வைத்தேன். நான்கு டம்ளர். ஒருத்தர்கூட என்னிடம் "நீ எங்கே ஆடணும்மா?" என்று கேட்கவில்லை. எந்தக் கல்லூரி என்பதே மறுநாள் பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா கெட்டவர் இல்லை. விடுதி நன்றாக இருக்கிறதா, பஸ் வசதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொன்னார். ஆனால் என் இடத்தில் ஏற்கெனவே இரண்டு சீனியர்கள் ஆடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டாம் வருடம் சிமெண்ட் தரையில் குதித்து இறங்கும்போது முழங்கால் போயிற்று. அந்த மாதத்தோடு பி.டி. மாஸ்டர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரே வந்தாலும் பார்க்காத மாதிரி போவார். அடுத்த வருடம் விடுதிச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள்.

இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. என் மகளோடு பள்ளி அணியில் ஆடிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வந்தேன். அவள் நாட்டின் முதல் நூறு பேரில் எல்லாம் வருகிறவள் இல்லை. ஆனாலும் மூன்று கல்லூரிகள் கேட்டன. எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்துதான் கோச்சுகளைக் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதினாள், சுருள் கம்பி போட்ட ஒரு பச்சை நோட்டில். என் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்கள். போன வருடம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், ஏன். நர்சிங் படித்தால் பயிற்சி நேரத்தை மாற்றித் தருவீர்களா. எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள். மூன்றாவது பக்கத்தில், தனியாக, இரண்டு கோடு போட்டு: என் முழங்கால் போனால் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும், நீங்கள் என்னோடு பேசுவீர்களா?

அதைப் பார்த்ததும் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இரண்டு கோச்சுகள் வளைத்து வளைத்துப் பேசினார்களாம். ஒருவர் மட்டும் காயம்பட்ட தன் பழைய மாணவியின் நம்பரைக் கொடுத்து, "என்னைக் கேட்காதே, அவளைக் கேள்" என்றாராம். அங்கேதான் போனாள். மூன்றிலும் உதவித்தொகை குறைவான இடம் அது.

"சேர்ந்துவிட்டு அடுத்த வருடமே, கல்லூரி மாற நினைப்பவர்கள் பதியும் போர்ட்டலில் பெயர் கொடுத்து ஓடுகிறார்களே, விசுவாசம் எங்கே?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கோச் கிம் மல்கி 2021-ல் பேய்லர் பல்கலைக்கழகத்தை விட்டு எல்.எஸ்.யூ.வுக்கு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) போனபோது, அவரை நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் பலர் பேய்லரிலேயே நின்றார்கள். 2023-ல் எல்.எஸ்.யூ. பட்டம் வாங்கியதும் அவரைச் சாதனையாளர் என்றோம். அவரைத் தப்பு சொல்லவில்லை, அது அவர் உரிமை. கோச் போனால் முன்னேற்றம், ஆடுகிற பெண் போனால் துரோகம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சிலர் அவசரப்பட்டு மாறுகிறார்கள், அதுவும் உண்மைதான். இருக்கட்டும்.

தம்பி, உங்களுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவளுக்கு இப்போது ஒன்பது வயது, டிரைவ்வேயில் பந்து தட்டுகிறாள், நான் பார்த்திருக்கிறேன். அவள் ஒரு நாள் இப்படி நோட்டுப் போட்டு எழுதினால் பக்கத்தில் உட்கார்ந்து பேனா எடுத்துக் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் பதிவு இவ்வளவு வலித்தது. வேறு யாராவது எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன்.

"ஏலம்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். மாட்டுச் சந்தை என்று எழுதியவரிடமும் சொல்லுங்கள். சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வழக்கம்போல வீட்டுக்கு வாருங்கள். அந்தப் பெண் லீவுக்கு வந்திருக்கிறாள், அவளும் வருகிறாள்.