தஞ்சாவூரில் ஹெலிகாப்டர் பைலட் ‘நேரடிச் சேர்க்கை’ இல்லை

“பிளஸ் டூ போதும், தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் ஆறு மாதப் பயிற்சி, ஹெலிகாப்டர் பைலட் வேலை. முன்பணம் கட்டி இடம் பிடியுங்கள்.” கும்பகோணம், மன்னார்குடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி முழுப் பொய்.

தஞ்சாவூரில் இருப்பது 2020-இல் அமைந்த சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு. ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கே கிடையாது. அந்தப் பள்ளி விமானப்படைக்கு ஹைதராபாத் அருகே ஹக்கிம்பேட்டை, ராணுவத்துக்கு நாசிக், கடற்படைக்கு நம் அரக்கோணம்.

பைலட் என்பவர் அதிகாரி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள், பெண்களும்தான், யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாம்; தேறினால் புணே அருகே கடக்வாஸ்லாவில் 3 ஆண்டுப் பயிற்சி. விமானப்படைக்குப் போகிறவர்கள் பைலட் திறன் தேர்வில் ஒருமுறை தோற்றால் வாழ்நாளில் மறுவாய்ப்பு இல்லை. அதில் தேறியவர்களும் முதலில் ஓட்டுவது பயிற்சி விமானம். அதன்பிறகே சேதக் ஹெலிகாப்டர்.

அதில் பலர் திணறுவது அந்தரத்தில் அசையாமல் நிறுத்தும்போதுதான். இடக்கை நெம்புகோலை உயர்த்தினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். உடனே வலது கால்மிதியை அழுத்த வேண்டும். தாமதித்துத் திருத்தினால் ஆட்டம் கூடும். இந்தக் கைப்பழக்கத்தைக் காசுக்கு வாங்க முடியாது.

பணம் கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.