கேட்ட விதம் சரியில்லையாம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல அந்தப் பெரிய மனிதர் பேசினதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பேரைப் போட்டு அவருக்கு விளம்பரம் தேடித்தர எனக்கு இஷ்டமில்லை. "அமெரிக்கக் கறுப்பர்களைப் பாருங்க, கோபப்படாம, பொறுமையா இருந்து சமத்துவம் வாங்கினாங்க." அதுக்குக் கைதட்டல் வேற.

யாருங்க பொறுமையா இருந்தது? வில்லியம் மன்றோ ட்ராட்டரா? ஹார்வர்டுல படிச்ச கறுப்பர், பாஸ்டன்ல பத்திரிகை நடத்தினவர், 1912 தேர்தல்ல உட்ரோ வில்சனை ஆதரிச்சவர். வில்சன் ஜனாதிபதியானதும் அரசு அலுவலகங்கள்ல கறுப்பின ஊழியர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை, தனிக் கழிப்பறை. சில இடத்துல நடுவுல தட்டி வச்சு மறைச்சாங்க. 1913-ல ட்ராட்டர் மனு கொடுத்தார், மரியாதையாத்தான். ஒண்ணும் நடக்கல. 1914 நவம்பர்ல மறுபடி வெள்ளை மாளிகைக்குப் போய் முகத்துக்கு நேரா கேட்டார். பிரிச்சு வைக்கிறது உங்க நன்மைக்குத்தான்னார் வில்சன். ட்ராட்டர் விடல. உடனே, நீங்க பேசுற விதம் என்னைப் புண்படுத்துது, இனிமே வர்றதா இருந்தா வேற ஆளைப் பேச வைங்கன்னுட்டார். ஆக, தட்டி வச்சது குத்தமில்லை. எடுன்னு சொன்ன குரல்தான் குத்தம்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஆபீஸ்ல கூட்டிப் பெருக்குற அக்காவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஜன்னல் கம்பியில கவுத்திருக்கும். எங்களுக்கெல்லாம் எவர்சில்வர். மீட்டிங்ல கேட்டேன். "மேடம், நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா கேட்ட விதம் சரியில்லை"ன்னார் மேனேஜர். டம்ளரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அந்த வருஷ அப்ரைசல்ல மட்டும், நான் மத்தவங்களோட அனுசரிச்சுப் போறதில்லைன்னு வந்துச்சு.

"அமைதியாப் போராடினவங்களும் உண்டே"ன்னு கிளம்பி வருவீங்க. உண்டு. கிழக்கு செயின்ட் லூயிஸ் ஊர்ல கறுப்பர்களைக் கொன்ன படுகொலையைக் கண்டிச்சு 1917 ஜூலை 28, நியூயார்க் ஐந்தாவது அவென்யூவுல கிட்டத்தட்ட 10,000 பேர் வாயே திறக்காம நடந்தாங்க. பிள்ளைங்க வெள்ளை உடுப்புல. மேளச்சத்தம் தவிர வேற சத்தமில்லை. அடுத்து மனுவோட போன குழுவை அதே வில்சன் பார்க்கக்கூட இல்லை, வேலையாம். கும்பல் கொலைத் தடுப்பு மசோதா 1922-ல கீழ்சபையில நிறைவேறுச்சு, செனட்ல பேசிப் பேசியே சாகடிச்சாங்க. அப்படி ஒரு சட்டம் வந்தது 2022-லதான். போதுமா பொறுமை?

பொறுமையா இருங்கன்னு சொன்ன கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டனா? ஆமா, டஸ்கீகீல கறுப்பர்களுக்கான கல்வி நிறுவனத்தை வளர்த்தார், பெரிய வேலை. சரி, அடுத்து?

எதிராளி சொன்னாக்கூடப் பரவாயில்லைங்க. அந்த ஆபீஸ் மீட்டிங் முடிஞ்சு என்கூட சாப்பிடுறவங்களே "உனக்கெதுக்கு இதெல்லாம்"னாங்க பாருங்க, அதுதான் இன்னும் ஆறல. 1913-ல பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்துல கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸையும் சொந்த அணியே பின்னால போகச் சொல்லுச்சு. தெற்கத்தி வெள்ளைக்காரப் பெண்களுக்கு மனசு சங்கடப்படுமாம்! வெல்ஸ் பின்னால போகல. ஓரமா கூட்டத்துல நின்னு, தன்னோட இல்லினாய் மாநில அணி வந்ததும் நேரா உள்ள நுழைஞ்சு நடந்தாங்க.

"கொஞ்சம் பதமா எழுதியிருக்கலாம் அக்கா"ன்னு இன்பாக்ஸ்ல வரப்போற தம்பிங்களா, கமென்ட்லயே வாங்க. நாலு பேர் முன்னாடி சொல்லுங்க.