இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி

அமெரிக்கச் சுதந்திரப் போர் என்றதும் பலருக்கும் வாஷிங்டன் முகம்தான் வரும். எனக்கு இப்போதெல்லாம் ஜோசப் பிளம் மார்ட்டின்தான் வருகிறார். 1776இல் 15 வயதில் படையில் சேர்ந்த கனெக்டிகட் பையன். பட்டினி, குளிர், வெறுங்கால் என எல்லாம் பட்டவர். 1783இல் வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்தது காசு இல்லை, சம்பள பாக்கிக்கான கடன் பத்திரங்கள். மானமாக உடுத்தத் துணி வேண்டும் என்று அதில் சிலதை விற்றார்.

சிப்பாய்கள் பலருடைய கதையும் அதுதான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. எழுதிய தொகையில் கொஞ்சத்தைக் கொடுத்து அந்தப் பத்திரங்களை வாங்கிக் குவித்தவர்கள் காசுள்ளவர்கள். 1790இல் நிதி அமைச்சர் ஹாமில்டன், இன்று பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பணம் என்றார். அப்போது பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் மாடிசனுக்குப் பொறுக்கவில்லை. விற்றுவிட்டுப் போன சிப்பாய்க்கும் ஒரு பங்கு போகட்டும் என்று சபையில் வாதாடினார். ஓட்டெடுப்பில் அவர் பக்கம் 13, எதிரே 36. கைமாறிய பத்திரத்துக்கு மதிப்பில்லை என்றால் நாளை அரசுக்கு யார் கடன் தருவார் என்ற ஹாமில்டன் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் என் மனசு மாடிசன் பக்கம்தான்.

அந்தக் கடனை அடைக்க 1791இல் விஸ்கிக்கு வரி போட்டார்கள். மேற்குப் பென்சில்வேனியாவில் தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோய் விற்றால் கட்டுப்படியாகாது. சாராயமாகக் காய்ச்சினால்தான் நாலு காசு பார்க்கலாம். அந்த விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். 1794இல் அவர்களை அடக்கக் கிட்டத்தட்ட 13,000 பேர் படை கிளம்பியது. முன்னால் போனவர் வாஷிங்டனே.

மறு வருடம் மாடிசன் எழுதினார்: சுதந்திரத்தின் எதிரிகளில் அதிகம் அஞ்ச வேண்டியது போர். போர் படையைப் பெற்றெடுக்கும், படையிலிருந்து கடனும் வரியும் வரும், பலரைச் சிலருக்கு அடக்கி வைக்கும் கருவிகள் இவையே. முன்பு இதைத் தத்துவம் என்று நினைத்துப் படித்தேன். இப்போது படித்தால், அந்த மனிதர் கண்ணால் கண்டதை வரிசையாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. அவருடைய தோட்டத்தில் 100 பேருக்கு மேல் அடிமைகளாக உழைத்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

இதே மாடிசன்தான் ஜனாதிபதியாகி, 1812இல் பிரிட்டன் மீது போர் அறிவிக்கச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்டார். அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்துக்கொண்டு போன கோபம் பொய்யல்ல. ஆனால் 1814 ஆகஸ்டில் அவர் குடியிருந்த மாளிகையே எரிந்தது. சுமார் 4.5 கோடி டாலராக இருந்த நாட்டின் கடன் போர் முடிந்த கையோடு 12 கோடியைத் தாண்டியது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவராலேயே தள்ளி நிற்க முடியவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மார்ட்டின் மெய்ன் பக்கம் போய் நிலம் திருத்திக் குடியேறினார். அந்த மண் தன்னுடையது என்று வந்தவர் ஹென்றி நாக்ஸ், அதே போரில் பீரங்கிப் படைத் தளபதி. நாக்ஸின் உரிமையே நின்றது. விலை கொடுக்க மார்ட்டினிடம் பணமில்லை. 1818இல் வறுமையில் இருந்த பழைய சிப்பாய்களுக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் வந்தது. 1820இல், ஏழைதான் என்று சொத்துப் பட்டியலைக் கோர்ட்டில் சத்தியம் பண்ணிக் கொடுக்கச் சொன்னார்கள். 59 வயது மார்ட்டின் கொடுத்த பட்டியல்: நிலம் இல்லை, வருமானம் இல்லை. படுக்கையும் உடுத்தும் துணியும் போக, இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி.