சேர்ச் ஸ்கூலில் ஒரு சைவப் பிள்ளை

ஜனவரி 15 நெருங்கினால் இங்கிலாந்தில் எங்கள் ஆட்களுக்குள் ஒரே பேச்சுத்தான். ரிசெப்ஷன் என்கிற முதல் வகுப்புக்கு எந்த ஸ்கூலைப் போடுவது? விண்ணப்பத்துக்கு அதுதான் கடைசி நாள். பக்கத்துத் தெருவில் இருப்பது சேர்ச் ஒஃப் இங்லண்ட் ஆரம்பப் பள்ளி என்றால் ஒரு பக்கத்திலிருந்து, "பிள்ளையை வேதத்துக்கு மாத்திப்போடுவாங்களோ?" என்று கேட்பார்கள். இன்னொரு பக்கத்திலிருந்து, "ஒழுக்கம் நல்லாச் சொல்லிக் குடுப்பாங்கள், யோசிக்காமப் போடுங்கோ" என்பார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. என் மகள் அப்படியொரு பள்ளியில்தான் படிக்கிறாள். வீட்டில் திருநீறு, பள்ளியில் மெழுகுதிரி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயம். தினமும் ஒரு கூட்டு வழிபாடு உண்டு. ஹோலில் சின்ன மேசை, அதில் ஒரு மரச்சிலுவை, ஒரு மெழுகுதிரி. பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து திரியைக் கொளுத்தும் (இப்போதெல்லாம் பல பள்ளிகளில் பற்றரி மெழுகுதிரி, பாதுகாப்பு விதி வேதாகமத்தை வென்றுவிட்டது). ஒரு கதை, ஒரு பாட்டு, பிறகு செபம். செபத்துக்கு முன் ரீச்சர் சொல்வார்: "இது உங்களுடைய செபமாகவும் இருக்க விரும்பினால் முடிவில் ஆமென் சொல்லுங்கள்." விரும்பாதவர்கள் சும்மா இருக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் வழிபாட்டிலிருந்தே பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்குச் சட்டத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த இந்துக் குடும்பம் ஒன்றும் அதைப் பயன்படுத்தவில்லை.

நாங்கள் மிஷன் பள்ளியைக் கண்டு நேற்றுப் பயப்படத் தொடங்கிய சனமும் இல்லை. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தார், அங்கேயே படிப்பித்தார், பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்க உதவினார். பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். பாதிரிமார் பள்ளி நடத்திய முறையை எடுத்துக்கொண்டு சமயத்தை அவர்களிடமே விட்டுவிட்டு வந்த மனிதர்.

கொடுக்கல் வாங்கல் மறுபக்கமாகவும் நடந்திருக்கிறது. இங்குள்ள சேர்ச் பள்ளிகளின் வேர் 1811இல் தொடங்கிய நேஷனல் சொசைட்டி. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்க அரசாங்கம் ஒரு பவுண் செலவழிக்காத காலம் அது. அந்தப் பள்ளிகளில் பின்பற்றிய முறைக்குப் பெயரே மெட்ராஸ் முறை. அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஓர் ஆண்கள் அநாதை விடுதியை நடத்தினார். அங்கே திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தன் பிள்ளைகளுக்கும் மணலைப் பரப்பினார். படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கையும் வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். எங்கள் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறி இங்கே வந்திருக்கிறார் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. இன்று சேர்ச் ஒஃப் இங்லண்ட் சபையின் கீழ் சுமார் 4,600 பள்ளிகள், கிட்டத்தட்ட 10 லட்சம் பிள்ளைகள்.

ஆக, மதமாற்றம் என் கவலை இல்லை. என் கவலை அந்தச் சுவர்.

எந்தச் சேர்ச் பள்ளிக்குப் போனாலும் வாசல் சுவரில் லமினேட் செய்த பெரிய மரப் படம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு இலையிலும் ஒரு விழுமியம்: மரியாதை, நட்பு, இரக்கம், விடாமுயற்சி, நன்றியுணர்வு, மன்னிப்பு. மாதத்துக்கு ஒன்று. அந்த மாதத்து விழுமியத்தைக் 'காட்டிய' பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை சான்றிதழ். பக்கத்திலேயே இன்னொரு பலகை: 2014க்குப் பிறகு எல்லாப் பள்ளிகளும் சொல்லிக்கொடுக்க வேண்டிய 'பிரித்தானிய விழுமியங்கள்'. இரண்டையும் இடம் மாற்றி மாட்டினால் யாரும் கவனிக்கப்போவதில்லை. நட்பும் விடாமுயற்சியும் வேண்டாம் என்று எந்தப் பள்ளி சொல்லும்? வங்கி விளம்பரத்திலும் அதுதான் இருக்கிறது.

என்னைப் போன்றவர்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் கிறிஸ்தவத்தை இப்படி நீர்த்துப்போகச் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். தயவுசெய்து எங்கள் பெயரைச் சொல்லாதீர்கள். வீட்டில் கடவுளை வைத்திருக்கிற எங்களுக்கு இன்னொருவர் கடவுளைப் பற்றிப் பேசுவது புதிதில்லை. உங்கள் பள்ளி இப்படி நடப்பதற்குக் காரணம் இயேசு என்றால் அதை நேரே சொல்லுங்கள். கேட்டுக்கொள்வோம், ஒத்துக்கொள்ளாத இடத்தில் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொள்வோம். சேர்ச் பள்ளிகளைப் பார்வையிடச் சபையின் சார்பில் வரும் 'சியாம்ஸ்' பரிசோதகர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்: உங்கள் இலக்கு கிறிஸ்தவ இறையியலில் வேரூன்றியதா, அதனால் இங்குள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் என்ன நடந்திருக்கிறது? நல்ல கேள்வி. பதிலாக அந்த மரத்தைக் காட்டினால் போதாது.

நான் நம்புவது ஒன்றைத்தான். ஒரு விழுமியத்தால் பள்ளிக்கு ஏதாவது நட்டம் வர வேண்டும். நட்டமில்லாத விழுமியம் அலங்காரம்.

மகளின் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கடிப்பான், கதிரையைத் தூக்கி எறிவான். பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் கொதித்தார்கள். ஒருவர் பெட்டிஷன் எழுதுவோம் என்றார். கேற்றடியில் நாலைந்து பேர் ஹெட் ரீச்சரைச் சுற்றிக்கொண்டு கேட்டார்கள். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "அவனும் எங்கள் பிள்ளைதான். இங்கேதான் படிப்பான். உங்கள் பிள்ளைகளைப் பாதுகாக்க என்ன செய்கிறோம் என்று வேண்டுமானால் உட்கார்ந்து பேசலாம்" என்றார். வேத வசனம் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு விலை இருந்தது. அவனோடு இருப்பதற்காக வகுப்பு உதவியாளரை மாற்றினார்கள். அவர் நடத்திய வாசிப்புக் குழு நின்றது. அதில் என் மகளும் இருந்தாள். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டன. இங்கே பள்ளிக்குக் காசு வருவது பெரும்பாலும் தலைக்கணக்கில், ஆகவே அதுவும் நட்டம். சண்டைக்குப் பிறகு அவனையும் அடிபட்ட பிள்ளையையும் ஒரு மூலையில் உட்காரவைத்து, என்ன நடந்தது, அப்போது உனக்கு எப்படி இருந்தது, இதை எப்படிச் சரிசெய்யலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். "சொறி சொல்லு" என்று கழுத்தைப் பிடித்து வாங்குவதில்லை. அவன் முழுதாகத் திருந்தினான் என்று சொல்லமாட்டேன். கடிப்பது குறைந்தது. மகள் அவனுடைய பிறந்தநாளுக்குப் போய் வந்தாள்.

அந்தக் காலத்தில்தான் வழிபாட்டில் லூக்கா 15இல் வரும் ஆட்டுக் கதை சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கேட்டாள்: "காணாமப் போன ஒரு ஆட்டைத் தேடிப் போனா, மிச்சம் 99ஐயும் ஆர் பாத்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. வட்ஸ்அப் குழு முழுக்க அந்த 99 ஆடுகளின் பெற்றோர்தான். அவர்கள் கேட்டதில் நியாயமே இல்லை என்றும் சொல்லமுடியாது. ஆனால் கதை அவர்களைப் பற்றியது இல்லையே.

இதே அளவுகோலை வாசலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் பல சேர்ச் பள்ளிகள் சறுக்குகின்றன. 'வொலன்ரரி எய்டட்' வகைப் பள்ளிகள் தங்கள் அனுமதி விதிகளைத் தாங்களே எழுதலாம். இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால், தவறாமல் சேர்ச்சுக்கு வரும் குடும்பத்தின் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுக்கலாம். சமத்துவச் சட்டம் அதற்கு விலக்கு அளிக்கிறது. நாளாந்தச் செலவு முழுவதும் வரிப்பணம், கட்டடச் செலவில்தான் பள்ளி சுமார் 10 வீதம் போடுகிறது. பெறுபேறு நல்ல பள்ளி என்றால் என்ன நடக்கும்? பிள்ளைக்கு மூன்று வயதானதும் தாய் தகப்பனுக்குத் திடீரென்று பக்தி வரும். ஞாயிறு தவறாமல் போய், பாதிரியாரிடம் கையெழுத்து வாங்கி, இடம் கிடைத்த அடுத்த மாதம் பக்தி தெளிந்துவிடும். வெள்ளைக்காரர் மட்டும் இல்லை. வெள்ளி கோயிலுக்கும் ஞாயிறு சேர்ச்சுக்கும் போன எங்கள் ஆட்களையும் தெரியும். முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் தோற்பவர் யார்? ஞாயிற்றுக்கிழமை கெயார் ஹோமில் ஷிப்ட் செய்கிற தாய். வந்து ஆறு மாதமான குடும்பம். ஏழைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளியின் வாசலில் அவர்கள் முன்னுரிமைப் பட்டியலின் நாலாவது பிரிவில் நிற்கிறார்கள். சபைக்குள்ளேயே இது தெரியாமல் இல்லை. 2011இல் சபையின் கல்விப் பொறுப்பில் இருந்த ஒக்ஸ்போர்ட் பிஷப் ஜோன் பிரிச்சர்ட், சேர்ச்சுக்கு வருபவர்களுக்கான இடங்களை 10 வீதத்துக்கு மேல் ஒதுக்கவேண்டாம் என்றார். பெறுபேறு கொஞ்சம் இறங்கினாலும் பரவாயில்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. பல பள்ளிகள் வாசலை எல்லோருக்கும் திறந்துவிட்டன. சேர்ச் பள்ளிகளில் கணிசமானவை கவுன்சில் விதிப்படி யாரையும் எடுப்பவைதான். ஆனால் போட்டி கடுமையான இடங்களில் அந்தக் கையெழுத்துப் படிவம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதனால் ஓப்பன் டேக்குப் போகிறவர்கள் அந்த மரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பதற்கு முன், அனுமதி விதியை இணையத்தில் இறக்கி வாசியுங்கள். கடந்த வருடம் எத்தனை பிள்ளைகளை இடைநிறுத்தினீர்கள், விசேட தேவையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்குத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று ஹெட் ரீச்சரிடம் கேளுங்கள். அவர் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிற பெற்றோரின் முகத்தையும் பாருங்கள். செபத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.